ஆணிகள் காட்டும் வழி: காட்டில் பழங்காசு தேடுவோருக்கு

நீங்கள் கேட்டது இது: மெட்டல் டிடெக்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. உரிமையாளரின் அனுமதியோடு ஒரு காட்டில் வாரம்தோறும் தேடுகிறீர்கள். ஒரு பழங்காசுகூட அகப்படவில்லை. ஒரு டப்பா நிறையத் துருப்பிடித்த ஆணிகள், சில தோட்டா உறைகள், பாட்டில் மூடிகள், இவ்வளவுதான் சேர்ந்திருக்கின்றன. இன்னும் விலை கூடிய கருவி வாங்கினால் காசு கிடைக்குமா, அல்லது காட்டில் தேடுவதே வீண்வேலையா?

கருவியை மாற்ற வேண்டாம், காட்டையும் மாற்ற வேண்டாம். முதலில் அந்த ஆணி டப்பாவை ஒரு பழைய துணியின்மேல் கொட்டி, ஒவ்வோர் ஆணியாக விரலில் உருட்டிப் பாருங்கள். தண்டு உருண்டையாக இருந்தால் அது கம்பி ஆணி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கி, மற்ற ஆணிகளையெல்லாம் ஓரங்கட்டியது அது. தண்டு சதுரமாக இருந்து, இரண்டு பக்கம் மட்டும் நுனியை நோக்கிச் சரிந்தால், இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டியது. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு. நான்கு பக்கமும் சரிந்து, தலையில் சுத்தியல் பட்ட சின்னச் சின்ன முகங்கள் தெரிந்தால், கொல்லன் உலைக்களத்தில் ஒவ்வொன்றாக அடித்தது. இந்தக் கடைசி வகைக்குத் துல்லியமான வயது சொல்ல முடியாது. இயந்திர ஆணி வந்த பிறகும் பல இடங்களில் கொல்லர்கள் அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனாலும் நடுக்காட்டில் சதுர ஆணிகள் பத்துப் பதினைந்து ஒரே இடத்தில் கிடைத்தால் அதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். அங்கே ஒரு கட்டடம் இருந்தது. மரம் மக்கிப்போனது, கூரை விழுந்தது, அதைத் தாங்கிய ஆணிகள் மட்டும் மண்ணில் தங்கிவிட்டன.

இப்போது நான் கேட்கும் கேள்வி: அந்த ஆணிகள் எங்கெங்கே கிடைத்தன என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? இல்லையென்றால் மூன்று மாதத்தில் நீங்கள் இழந்தது காசு அல்ல, அந்த இடக்குறிப்புதான். நல்லவேளை, மீதி ஆணிகள் இன்னும் மண்ணில்தான் இருக்கின்றன.

காட்டில் தேடுவதற்கும் வயலில் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. வயலில் கலப்பை நூற்றாண்டுக் கணக்கில் மண்ணைப் புரட்டியிருக்கிறது. ஒரு காசு விழுந்த இடம் வேறு, இன்று கிடக்கும் இடம் வேறு. காட்டு மண்ணை, முன்பு வயலாக இருந்தோ மரம் நடுவதற்காகவோ உழப்பட்ட காடுகளைத் தவிர, யாரும் புரட்டவில்லை. ஒருவர் இடுப்பிலிருந்து நழுவிய காசு ஏறத்தாழ அதே இடத்தில், சருகும் மக்கும் மேலே மூடிய நிலையில் கிடக்கிறது. அதனால் காட்டில் ஒவ்வொரு பொருளும் பக்கத்துப் பொருளோடு உறவு கொண்டது. அந்த உறவைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குக் காடு கொடுக்கிறது. கருவியின் நுனியில் இருக்கும் கம்பிச் சுருளைக் கண்ட இடத்தில் வீசிக்கொண்டு நடப்பவர்களுக்கு ஆணிதான் கிடைக்கும்.

அடுத்து, இன்று காடாக இருப்பது அன்றும் காடாகத்தான் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பலமுறை இல்லை என்பதே விடை. கைவிடப்பட்ட வயலையும் ஊரையும் மரங்கள் மூடிக்கொள்ள அறுபது எழுபது ஆண்டுகள் போதும். அடையாளங்கள் தரையிலேயே இருக்கும். நேர்கோட்டில் ஓடும் தாழ்வான மண்மேடு பழைய எல்லை வரப்பு. மரங்களுக்கு நடுவே கற்குவியல்கள் வரிசையாகக் கிடந்தால், யாரோ உழுவதற்காகப் பொறுக்கி ஓரத்தில் போட்டவை. சதுரமான பள்ளம், அதன் விளிம்பில் சரிந்த கற்கள்: நிலவறை அல்லது அடித்தளம். சுற்றிலும் ஒரே வயது மரங்கள் நிற்க, நடுவில் ஒன்று மட்டும் பருத்து, கிளைகளைப் பக்கவாட்டில் விரித்து நின்றால், அது வளர்ந்த காலத்தில் சுற்றிலும் வெட்டவெளி இருந்தது என்று பொருள். காட்டு மரம் ஒளிக்காக நெடிதாக வளரும். அகலமாக விரிவதற்கு இடம் வேண்டும். காட்டில் தானாக முளைக்காத தோட்டச் செடி ஒன்று ஆண்டுதோறும் அதே இடத்தில் பூத்தால், அங்கே நின்று அருகே ஆணி தேடுங்கள். வீட்டுக்காரர் போய்விட்டார், அவர் நட்ட செடி போகவில்லை.

உண்மையிலேயே தொன்றுதொட்டுக் காடாகவே இருந்த இடங்களும் உண்டு. அங்கே வேறு தடயங்கள். நூற்றாண்டுகளாகக் காலும் வண்டிச் சக்கரமும் மழைநீரும் சேர்ந்து அறுத்த பள்ளப்பாதைகள் சில இடங்களில் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்திருக்கும். சரிவில் ஏழெட்டு மீட்டர் அகலத்துக்கு வட்டமாகச் சமன்செய்த மேடை தெரிந்து, கிளறினால் மண் கறுப்பாக வந்தால், அது கரிசுட்டவர்களின் களம். அவர்கள் வாரக்கணக்கில் மூட்டத்தைக் காத்து அங்கேயே தங்கினார்கள். தங்கிய இடத்தில் பொத்தான், கத்தி, கொக்கி, காசு எல்லாம் தவறியிருக்கும். ஆனால் எச்சரிக்கையும் உண்டு. நெருப்பில் சுட்ட மண்ணின் இரும்புத் தாதுக்கள் காந்தத்தன்மை கூடியவையாக மாறிவிடும். கருவி அங்கே தேவையில்லாமல் கத்தும். கரிக்களத்துக்குள் நுழைந்ததும் மண்ணுக்கு ஏற்பக் கருவியை மறுபடி சமன்செய்துகொள்ளுங்கள்.

மனிதர்கள் எங்கே காசைத் தவறவிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நடக்கும்போது அபூர்வம். உட்காரும்போது, குனியும்போது, தாண்டும்போது, மூட்டையை இறக்கும்போது, பணம் கைமாறும்போது. ஆகவே ஊற்று, ஓடையைக் கடக்கும் துறை, இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம், ஏற்றம் முடிந்து மூச்சுவாங்கும் முகடு, பாதையோரத்துப் பெரிய மரத்தடி ஆகியவை முதல் இடங்கள். பாழடைந்த வீடென்றால் அடித்தளத்துக்குள்ளே தேடி நாளைக் கழிக்காதீர்கள். அது ஆணிக் குவியல். வாசலிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழியில் தேடுங்கள்.

இவற்றையெல்லாம் காலால் நடந்தே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய நில அளவை வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்கலாம். அதைவிடப் பெரிய வரம் லைடார். விமானத்திலிருந்து லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளை அனுப்புகிறார்கள். பெரும்பாலானவை இலைகளில் பட்டுத் திரும்பினாலும், சில இடுக்குகள் வழியே தரையைத் தொட்டு வருகின்றன. அவற்றை மட்டும் பிரித்தெடுத்து வரைந்தால் மரங்களே இல்லாத தரை தெரியும். வரப்பு, பாதை, கரிக்களம், அடித்தளம் எல்லாம் நிழல் விழுந்து தெளிவாக நிற்கும். பல நாடுகளின் அரசு நில அளவைத் துறைகள் இந்தப் படங்களை இலவசமாகவே கொடுக்கின்றன. ஒரு மாலை முழுதும் அந்தப் படத்தோடு உட்காருவது, பத்து நாள் கண்மூடித்தனமாகச் சுருள் வீசுவதைவிட மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி கருவிக்கு வருகிறேன். விலை கூடிய கருவி வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் கணக்கு உண்டு.

சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணில் இறங்கி, அங்கே கிடக்கும் காசில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்தச் சுழலோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, அதைச் சுருளின் இன்னொரு பகுதி வாங்கிக்கொள்கிறது. போகும்போதும் புலம் வேகமாகத் தேய்கிறது, திரும்பும்போதும் தேய்கிறது. சுருளின் அளவைவிடத் தூரம் கூடிவிட்டால், சைகை ஏறத்தாழத் தூரத்தின் ஆறாம் படிக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. அதாவது ஆழம் இரட்டித்தால் சைகை 64-இல் ஒரு பங்காகிவிடும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு மடங்கு உணர்திறன் உள்ள கருவியை வாங்கினாலும், 20 செ.மீ. எட்டிய இடத்தில் 22 செ.மீ.தான் எட்டும். அந்த 2 செ.மீ.க்காக நீங்கள் கூடுதல் பணம் தரத் தயாராக இருக்கிறீர்கள். ஆனால் காட்டில் சருகுமேல் சுருளை மிதக்கவிட்டு 5 செ.மீ., புதரைத் தவிர்க்கத் தூக்கிப் பிடித்து இன்னொரு 5 செ.மீ. என்று ஒவ்வொரு வீச்சிலும் இழக்கிறீர்கள். சருகைக் காலால் அல்ல, ஒரு குச்சியால் விலக்கிவிட்டு, சுருளைத் தரையோடு தரையாக, மிக மெதுவாக நகர்த்துங்கள். புதிய கருவி தருவதைவிட அதிகமான ஆழம் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரு செலவு மட்டும் தகும்: சின்னச் சுருள். ஆறு அங்குல அகலம் போதும். மரவேர்களுக்கு இடையே புகும், கொடிகளில் சிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆணிக்கும் காசுக்கும் இடையே பிரித்துப் பார்க்கும். பெரிய சுருளின் கீழ் மூன்று ஆணியும் ஒரு வெள்ளிக் காசும் ஒரே நேரத்தில் வந்தால், ஆணிகளின் சைகை காசை விழுங்கிவிடும். இந்தக் குறை கருவியின் பிறப்போடு வந்தது. 1881-இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன. மருத்துவரோ உடலின் வலப்பக்கம் மட்டுமே தேட விட்டார், குண்டு இடப்பக்கம் இருந்தது. இரும்பு அருகில் இருந்ததும், தேடும் இடத்தைத் தவறாக முடிவுசெய்ததும் அன்று பெல்லை வென்றன. இன்றும் தேடுவோரை வெல்பவை அவை இரண்டும்தான்.

என்ன உலோகம் என்று காட்டக் கருவியின் திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சுழலோட்டம் எவ்வளவு தாமதித்துப் பதில் சொல்கிறது என்பதன் மொழிபெயர்ப்பே அந்த எண். தடித்த வெள்ளியும் செம்பும் அதிகம் தாமதிக்கும்; மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் குறைவாகத் தாமதிக்கும். ஆகவே தங்கக் காசும் குப்பைத் தாளும் ஒரே எண்ணைக் காட்டலாம். பழைய ஈயக்குண்டும் பான டப்பாவின் இழுப்பு வளையமும் அருகருகே வரும். லாடம் போன்ற பெரிய இரும்பு வெள்ளியைப் போலவே உரத்து ஒலிக்கும். இரும்பைச் சந்தேகித்தால், நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் நடந்து, குறுக்குத் திசையில் மறுபடி வீசிப் பாருங்கள். காசு வட்டமானது, எந்தத் திசையில் வந்தாலும் ஏறத்தாழ ஒரே ஒலி தரும். ஆணி நீளமானது, திசை மாறினால் ஒலி உடையும், இடம் நகரும், அல்லது மறைந்துபோகும். இரும்பை முழுவதும் ஒதுக்கிவிடும் அமைப்பைக் காட்டில் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஆணிகளின் முணுமுணுப்பு காதில் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அது கூடும் இடம் எது, ஓயும் இடம் எது என்பதுதான் வரைபடம். அதனால்தான் ஹெட்போனை ஒருபோதும் விடாதீர்கள் என்கிறேன்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு கனத்தால் மட்டும் அமிழ்வதில்லை. மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளுகின்றன. பொருள்கள் மெல்ல மெல்லக் கீழே போகின்றன. இதை அளந்து எழுதியவர் சார்லஸ் டார்வின், அதுவும் பெல் தோற்ற அதே 1881-இல். ஆனால் ஊசியிலை மரக் காடுகளில் மண் அமிலமானது, துளைபோடும் மண்புழுக்கள் மிகக் குறைவு. அங்கே இருநூறு ஆண்டுக் காசுகூடச் சருகு மக்குக்குச் சற்றுக் கீழேயே கிடக்கலாம். அகன்ற இலை மரக் காட்டில் மண் வளமாக இருந்தால் இன்னும் ஆழம் போயிருக்கும். அமில மண்ணுக்கு இன்னொரு முகமும் உண்டு: செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கும். எடுத்ததும் நொறுங்கும் நிலையில் இருக்கலாம் என்று எதிர்பார்த்தே கைவையுங்கள்.

தோண்டும்போது மரத்தை நினையுங்கள். உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணில்தான் பரவியிருக்கின்றன, நாம் தோண்டுவதும் அதே மண். அடிமரத்தை ஒட்டித் தோண்டாதீர்கள். விரல் பருமன் வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல் பக்கவாட்டில் வழி தேடுங்கள்; வழி இல்லையென்றால் அந்தச் சைகையை விட்டுவிடுங்கள். ஒரு பொத்தானுக்காக நூறு வயது மரத்துக்கு நோய் புகும் வாசல் திறப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. முதலில் சருகை ஒரு பக்கம் ஒதுக்கி, மண்ணை ஒரு துணியின்மேல் எடுத்துப் போட்டு, குழிக்குள் கையடக்கக் கருவியால் பொருளின் இடத்தைச் சரியாகக் கண்டு, கையால் எடுத்து, மண்ணை மறுபடி நிரப்பி அழுத்தி, சருகை மூடுங்கள். திரும்பிப் பார்த்தால் நீங்கள் வந்த தடமே தெரியக் கூடாது. புயலில் வேரோடு சாய்ந்த மரம் கண்டால் அந்த வேர்த்தட்டை மட்டும் வெளியிலிருந்து சோதிக்கலாம். ஒரு மீட்டர் மண்ணை அது உங்களுக்காகத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதன் குழிக்குள் இறங்காதீர்கள். தண்டை யாராவது அறுத்தால், சில நேரம் அறுக்காமலேயே, வேர்த்தட்டு பழைய இடத்துக்குச் சடாரென்று சாய்ந்துவிடும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயம். பொருளைவிடப் பொருள் கிடந்த இடம் மதிப்புள்ளது. இதை அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. இரண்டு காடுகளின் கதையாகச் சொல்கிறேன், இரண்டும் ஜெர்மனியில் உள்ளவை.

1999 கோடையில் நெப்ரா என்ற ஊருக்கு அருகே மிட்டெல்பெர்க் என்னும் காட்டுக் குன்றில் அனுமதியின்றித் தேடிய இருவருக்கு ஒரு வெண்கலத் தட்டு கிடைத்தது. சுமார் 32 செ.மீ. அகலம், அதன்மேல் தங்கத்தில் சூரியன் அல்லது முழுநிலவு, பிறை, விண்மீன்கள். ஏறத்தாழ 3,600 ஆண்டுகள் பழமையான வானத்தின் படம். அவசரமாகத் தோண்டியபோது அவர்கள் கையிலிருந்த தோண்டுகருவி தட்டின் விளிம்பைச் சிதைத்து, தங்க வட்டத்தின் ஒரு பகுதியைப் பிய்த்தது. மறுநாளே கூட இருந்த வாள்களோடும் கோடரிகளோடும் அதை விற்றுவிட்டார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் விரித்த வலையில்தான் அது மீட்கப்பட்டது. கண்டெடுத்தவர்கள் தண்டனை பெற்றார்கள். அதன்பிறகு அந்தத் தட்டு உண்மையிலேயே அந்தக் குன்றிலிருந்து வந்ததா என்று நிறுவ, ஒட்டியிருந்த மண்ணை ஆய்வுசெய்து, தோண்டிய குழியை மறுபடி அகழ்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. பொறுமையாக நிறுத்தி, அதிகாரிகளை அழைத்திருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கும் விடை அது.

இன்னொன்று ஹார்ட்ஸ்ஹார்ன் என்னும் மரமடர்ந்த மலைமுகடு. 2000-ஆம் ஆண்டில் இடைக்காலக் கோட்டை ஒன்றைத் தேடிப் போனவர்களுக்குச் சில இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை மெழுகுவத்தித் தாங்கி என்று நினைத்தார்கள். 2008-இல் அது தொல்லியலாளரிடம் காட்டப்பட்டபோது, ரோமானியர்கள் பாரம் சுமக்கும் விலங்குகளின் குளம்பில் கட்டிய இரும்புக் காலணி என்று தெரிந்தது. பிறகு முறையாக, ஒவ்வொரு பொருளையும் கிடந்த புள்ளியிலேயே குறித்து, உலோகக் கருவிகளால் மலையை அலசினார்கள். கவண் எந்திரங்களிலிருந்து பாய்ந்த அம்புமுனைகள் எந்தத் திசையில் குத்தி நின்றன என்பதும், வீரர்களின் செருப்பிலிருந்து உதிர்ந்த ஆணிகள் எந்த வழியில் சிதறின என்பதும் சேர்ந்து ஒரு போரையே வரைந்து காட்டின. கி.பி. 235-ஐ ஒட்டி, மாக்சிமினஸ் திராக்ஸ் பேரரசராக இருந்த காலத்தில், ரோமப்படை ஜெர்மானிய நிலத்துக்குள் அவ்வளவு தூரம் வந்து போரிட்டது என்பதை அந்தக் காடு சொன்னது. கவனியுங்கள்: அந்தப் படையின் நடையைக் காட்டியவை ஆணிகள், நீங்கள் குப்பை என்று டப்பாவில் போட்டவற்றின் மூத்த உறவினர்கள். யாரோ ஒருவர் அவற்றைப் பொறுக்கிக் கலந்துவிட்டிருந்தால் அந்தப் போர் இன்றும் தெரியாமலே இருந்திருக்கும்.

என்னிடம் மூன்று படைவீரர் பொத்தான்கள் இருக்கின்றன. இந்தப் பழக்கத்தின் முதல் ஆண்டில் ஒரே காட்டில் எடுத்தவை. மூன்றும் அருகருகே கிடந்தனவா, ஒரே சட்டையிலிருந்து விழுந்தனவா, அல்லது வெவ்வேறு நாளில் வெவ்வேறு பாதையில் போன மூன்று பேருடையவையா என்று எனக்குத் தெரியாது. எங்கே எடுத்தேன் என்று குறிக்கவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அவை ஊமையாக இருக்கின்றன, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் வற்புறுத்துகிறேன். செல்பேசியின் ஜி.பி.எஸ். குறிப்பு, ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது, எடுக்கும் முன் ஒரு படம். காட்டில் அடர்ந்த இலைக்கூரையின் கீழ் ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும். ஆகவே ஒரு நிலையான மரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ அடி அளந்தும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆணிக்கும் இதே மரியாதை.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று காசுகள் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப்போன ஒருவருக்குத் தங்கக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வந்தன. சிறிது எடுத்ததும் நிறுத்தி, தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து அகழ்ந்ததால், சுமார் 15,000 ரோமானியக் காசுகளோடு, அவை வைக்கப்பட்ட மரப்பெட்டி எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சட்டத்தை நீங்களே உங்கள் இடத்துக்குரியதைப் படித்தாக வேண்டும், ஏனென்றால் நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுகிறது. நில உரிமையாளரின் அனுமதி இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கதை 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அயர்லாந்தில் அரசின் ஒப்புதல் இல்லாமல் தொல்பொருளைத் தேடிக் கருவி வீசுவதே குற்றம். பிரான்சிலும் சுவீடனிலும் முன்கூட்டியே அரசு அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு நிலங்களில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதைத் தடுக்கிறது. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களுக்குள் கருவியோடு கால் வைக்கவே வைக்காதீர்கள்.

கிடைத்த காசைக் காட்டிலேயே விரலால் தேய்ப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை, நானும் செய்திருக்கிறேன். ஈரமண்ணில் இருக்கும் மணல்துகள் உப்புத்தாள் போல வேலைசெய்து, இருநூறு ஆண்டு தாங்கிய முகத்தை ஒரு நொடியில் எடுத்துவிடும். செம்புக் காசில் எழுத்தும் உருவமும் சில நேரம் உலோகத்தில் இருப்பதில்லை, மேலே படிந்த களிம்பில் மட்டுமே தங்கியிருக்கும். களிம்பைச் சுரண்டினால் மிஞ்சுவது வெறும் வில்லை. மண்ணோடு ஒரு சிறு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையான முள்குச்சியால் பொறுமையாக மண்ணை மட்டும் நீக்குங்கள். புளிப்புள்ள எதுவும் அதன்மேல் படக் கூடாது. இரும்புப் பொருள் வேறு கதை. மண்ணிலிருந்து குளோரைடு உப்புகள் அதற்குள் ஊறியிருக்கும்; வெளிக்காற்று பட்டதும் துரு புதிய வேகத்தில் தொடங்கி, சில மாதத்தில் செதில் செதிலாக உதிரும். முக்கியமானது என்று தோன்றினால் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். தோல், மரம், துணி ஏதாவது ஒட்டியிருந்தால் காயவிடாமல் ஈரமாகவே வைத்து உடனே கொண்டுபோங்கள்.

ஆபத்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். போர் நடந்த காடுகளில் வெடிக்காத குண்டுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. முதல் உலகப் போரில், 1916-இல், பிரான்சின் வெர்தூனைச் சுற்றி விழுந்தவை நூறாண்டு கடந்தும் அகற்றப்பட்டுக்கொண்டிருக்கின்றன. துரு ஏற ஏறச் சில வகை வெடிபொருள்கள் இன்னும் எளிதில் வெடிக்கும் நிலையை அடைகின்றன. ஆழத்தில் பெரிய, உருளை வடிவச் சைகை வந்து, ஓரம் தெரிந்ததும் ஐயம் எழுந்தால், தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தைக் குறித்துவிட்டு வந்த வழியே விலகிப் போலீசுக்குச் சொல்லுங்கள். மற்றபடி உண்ணிகள், பாம்புகள், வேட்டைக்காலம், வழி தவறுவது இவை காட்டுக்குப் போகும் எவருக்கும் பொதுவானவை. எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி அடுத்த வாரம் என்ன செய்வது? சதுர ஆணிகள் டப்பாவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், லைடார் படத்தில் நீங்கள் வழக்கமாகச் சுற்றும் பகுதியில் சதுரப் பள்ளமோ நேரான மேடோ தெரிகிறதா என்று தேடுங்கள். இலை உதிர்ந்து, புதர் தணிந்திருக்கும் பருவமாக இருந்தால் நல்லது. அந்த இடத்துக்குப் போய், காசைத் தேடாமல், ஆணியின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு, ஒலி கேட்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு குச்சியை நட்டுக்கொண்டே நடங்கள். ஒன்றையும் தோண்ட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் குச்சிகள் சுவரின் வடிவத்தைக் காட்டத் தொடங்கும். சுவரில் குச்சி இல்லாமல் ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி வரும் இடம் பெரும்பாலும் வாசல். அதற்கு வெளியே, மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கயிறு கட்டி, சின்னச் சுருளைப் போட்டு, ஒரு நாள் முழுவதும் அந்தச் சதுரத்தை விட்டு நகராமல் இரண்டு திசையிலும் தேடுங்கள்.